கொல்லைப் பூவரசும் பதினோரு மாதமும்

2024 நவம்பர் 20 என்று தேதி சொன்னாலே ராமேசுவரம் தீவுக்காரர்களுக்குப் போதும். ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எங்கள் தங்கச்சிமடமும் தப்பவில்லை. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். காற்று என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மறுநாள் விடியும் முன்னே கொல்லைப் பக்கம் நெடுநேரம் கரகரவென்று ஒரு சத்தம். ஆட்டுக்கொட்டகை சரிகிறது என்று நினைத்து டார்ச்சோடு ஓடினேன். கொட்டகை அப்படியே இருந்தது. பூவரசுதான் சாய்ந்து மதிலின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

எங்கள் மண் வெறும் மணல். கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். வேர் ஆழத்துக்குப் போக வேலையே இல்லை, பக்கவாட்டில்தான் ஓடும். மணல் முழுக்க நனைந்து கஞ்சியானதும் மரத்தின் சொந்தக் கனமே அதைச் சாய்த்துவிட்டது. அந்த மரத்தின் வயதை அம்மா 'புயலுக்குப் பின்னாடி' என்றுதான் சொல்வாள். எங்கள் பக்கம் எதற்கும் 1964 டிசம்பர்தான் கணக்கு, புயலுக்கு முந்தியா பிந்தியா என்று. ஆட்டுக்கு வேலி போட அப்பத்தா வரிசையாக ஊன்றிய போத்துகளில் (வேர் பிடிக்க நடும் கிளைத் துண்டுகளில்) ஒன்று மட்டும் தங்கி மரமாகிவிட்டது. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது.

எனக்குத் தொழில் வயரிங். மர வேலை ஆசைக்குச் செய்வது. வீட்டில் இருக்கும் இரண்டு ஸ்டூலும் ஒரு அலமாரியும் கடையில் வாங்கிய மலிவுப் பலகையில் செய்தவை. ஆகவே மரம் விழுந்தது தெரிந்ததும் வருத்தத்துக்கு அடுத்த நிமிடமே மனதுக்குள் பலகைக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அகலமான பலகை, ஓரத்தில் மரத்தின் இயற்கை வளைவு, நடுவில் சாக்லேட் நிறத்தில் வைரம், அதாவது முற்றிய உள்கட்டை. அம்மாவுக்கோ இனிக் கொழுக்கட்டை அவிக்க இலைக்கு எங்கே போவது என்று கவலை. மண் ஈரம் காயும் முன்னே மணிக்கட்டுப் பருமனில் ஆறடிக் கிளை ஒன்றை வெட்டி மூலையில் ஊன்றச் சொன்னாள். ஊன்றினேன். பொங்கலுக்கு அது துளிர்த்துவிட்டது, அது தனிக் கதை.

முதல் நாள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். விறகுக்காரர் ஒருவர் காலையிலேயே வாசலுக்கு வந்தார். மொத்தமாக 3,500 ரூபாய், அறுப்புக் கூலியும் ஏற்றுக்கூலியும் அவரே பார்த்துக்கொள்வார். நான் அடிமரத்தை மட்டும் எனக்கு நிறுத்திக்கொண்டு, கிளையெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, 1,500 வாங்கிப் பையில் போட்டேன். நல்ல வியாபாரம் என்று நினைப்பு. அவருடைய ஆள் செயின் சாவோடு ஏறி, ஒரு பெரிய கிளையை இரண்டடி இரண்டடியாகத் துண்டு போட்டு முடித்து, அடுத்ததில் கை வைத்தபோது பின்பக்கத்து வேலியிலிருந்து ஒரு குரல்.

"ஏ மாப்ள, மிஷினை நிறுத்தச் சொல்லு. அந்த முட்டியை வெட்டிராதீக!"

ஓடாவி மாமா. ஓடாவி என்றால் படகு கட்டும் ஆசாரி. ஃபைபர் படகு வந்த பிறகு அவருக்குப் புதுப்படகு வேலை குறைந்துவிட்டது. வத்தை எனும் பழைய மரப்படகுகளுக்குப் பழுது பார்ப்பதே பாதி நாள். கையில் ஒரு நீளக் கம்பி வைத்திருந்தார். வெல்டிங் கம்பியைப் படகின் உள்பக்கத்தில் அழுத்தி வளைத்து எடுத்த அச்சு அது. வேலியைத் தாண்டி வந்து, கிடந்த கிளைகள் மேல் அதை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். தையல்காரர் தோள் அளவு எடுப்பது போல, வைப்பதும் எடுப்பதும் தலையை ஆட்டுவதுமாக இருந்தார். கிளை தண்டிலிருந்து பிரியும் கவை ஒன்றில் அச்சு அப்படியே படிந்தது. கம்பிக்கும் பட்டைக்கும் நடுவில் விரல்கூட நுழையவில்லை.

"இது வங்குடா. ஐம்பது வருசமா வளர்ந்து நிக்குது. நீ விறகு போடுற."

படகுக்கு விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்து நிற்கும் கட்டைதான் வங்கு. அதை நேரான பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுக்கலாம்தான். ஆனால் நார் நேராக ஓடும், வடிவம் வளைந்து போகும். வளைவு அதிகமான இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, ஒரு அலை அடித்தால் அந்த இடத்திலேயே ஒடியும். இயற்கையாக வளைந்த கிளையில் நாரும் கூடவே வளைந்து ஓடுவதால் அந்தப் பலவீனம் இல்லை. பூவரசின் கட்டை உப்புத்தண்ணீரையும் ஓரளவு தாங்கும், ஆணி அடித்தால் எளிதில் பிளக்காது. இந்தக் கரையில் வங்குக்குப் பூவரசைத் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர் என்றார் மாமா. நான் அகலப் பலகைக் கனவில் மரத்தின் விலை உயர்ந்த பாகத்தை இரண்டடித் துண்டாக்கி விற்றுவிட்டேன்.

விறகுக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் முகம் சுளிக்காமல் சின்னக் கிளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். ஆறு நல்ல வளைவுகள் மிஞ்சின. நாலு மாமாவுக்கு, இரண்டு எனக்கு. அதற்குப் பதில் ஒரு நாள் வந்து அடிமரத்தைப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். உங்கள் கொல்லையில் மரம் சாய்ந்தால், முதலில் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்து பாருங்கள். எந்தத் துண்டு எதற்கு என்று சாக்பீஸால் எழுதிய பிறகு மிஷினுக்குச் சாவி கொடுக்கலாம்.

அடிமரத்தை வெட்டியது ஆபத்தான வேலை. மரம் ஒரு பக்கம் தூரிலும் மறு பக்கம் மதிலிலும் தாங்கி நின்றது. இப்படி இரண்டு முனையிலும் தாங்கல் இருந்தால் மேல்பக்கம் அழுந்தியிருக்கும், கீழ்ப்பக்கம் விறைத்து இழுபட்டிருக்கும். நேரே மேலிருந்து ஒரே மூச்சாக அறுத்தால் பாதியில் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். செயின் சா பையன் தெரிந்தவன். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக அறுத்தான். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் தொங்கும் கிளைக்கு இதற்கு நேர்மாறு, முதலில் கீழே, அப்புறம் மேலே.

வேரும் மண்ணுமாக ஆள் உயரத்துக்கு எழுந்து நின்ற தூர் இருக்கிறதே, அதுதான் எமன். அடிமரத்தின் பாரம் போனதும் அது திரும்பக் குழிக்குள் நிமிர்ந்துவிடும். எங்கள் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று காலையிலிருந்து அந்தக் குழிக்குள் வேரைக் கடித்துக்கொண்டு நின்றது. அம்மா இழுத்துக் கட்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. அறுப்பு முடிந்த கணத்தில் தூர் தொம்மென்று பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. சேறு என் சட்டை வரைக்கும் தெறித்தது. யாரும் பேசவில்லை. பையன் மட்டும் ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

கிடைத்தது இரண்டு கட்டை. அடிக்கட்டை சுற்று 54 அங்குலம், நீளம் 7 அடி. மேல்கட்டை சுற்று 44 அங்குலம், நீளம் 5 அடி. மில்லில் போடும் கணக்கு இது: சுற்றை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 54-இல் கால் பங்கு 13.5. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 8.9 கன அடி. இந்த முறையில் உண்மைக் கன அளவில் ஐந்தில் நாலு பங்கு மாதிரிதான் வரும், அறுப்பில் போகும் சேதாரத்தை முன்கூட்டியே கழித்துவிட்ட மாதிரி. மேல்கட்டை 4.2 கன அடி. பச்சை மரம் என்பதால் அடிக்கட்டை மட்டும் 300 கிலோவுக்குக் குறையாது. நாலு பேர், இரண்டு கடப்பாரை, மூன்று இரும்புக் குழாய் உருளை. குட்டியானையில் ஏற்றும் வரை ஒரு காலை முழுவதும் போயிற்று.

ஏற்றும் முன்னே மூன்று காரியம். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மிச்சமிருந்த எனாமல் பெயிண்டைக் கெட்டியாக இரண்டு கை பூசினேன். மரத்தின் ஈரம் பக்கங்களைவிட முனைகள் வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை சுருங்கும், உள்ளே சுருங்காது, ஆகவே முனை வெடிக்கும். தெற்கே ஒரு துண்டைப் பூசாமல் வெயிலில் போட்டிருந்தேன். மூன்றாம் நாளே நடுவிலிருந்து சக்கரத்துக்கு ஆரம் போட்டது போல ஐந்து வெடிப்பு. அடுத்தது பட்டை உரிப்பு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்தான் வண்டு குடியிருக்கும். பச்சையாக இருக்கும்போது மண்வெட்டி முனையைக் கொடுத்து நெம்பினால் நீளநீளமாக நாரோடு கழன்று வரும். ஒரு மாதம் விட்டால் கொத்திக் கொத்தித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஆணி. கொல்லை மரத்தில் ஆணி இல்லாமல் இருக்காது. கொடிக்கயிறு, ஊஞ்சல் கொக்கி, ஆட்டு வேலிக் கம்பி, அப்பா வலை பொத்துவதற்கு மாட்டிய வளையம், எல்லாம் மரம் விழுங்கியவை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி மரத்தை ஒட்டித் தொங்கவிட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். நூல் எங்கே சாய்கிறதோ அங்கே உளியால் கொத்தினேன். பதினேழு ஆணி, இரண்டு கொக்கி, ஒரு முழ நீளக் கம்பி. நன்றாகத் தேடிவிட்டேன் என்று நம்பிக்கை.

பாலம் தாண்டி ஒரு சா மில்லில் அறுத்தோம். மில்காரர் கொல்லை மரம் என்றதுமே முகத்தைத் திருப்பினார். பிளேடு போனால் காசு என்று பேசிக்கொண்டுதான் கட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். முதல் மூன்று பலகை வெண்ணெயாக வந்தது. நாலாவதில் பாதி போனதும் கிறீச்சென்று ஒரு சத்தம், தீப்பொறி, மிஷின் நின்றது. பலகையைப் பிரித்துப் பார்த்தால் வைரத்துக்கு நாலு விரல் உள்ளே ஐந்து அங்குல ஆணி. நான் பிறக்கும் முன்னே யாரோ அடித்தது. அவ்வளவு ஆழத்தில் இருப்பதை என் ஸ்பீக்கர் காந்தம் எப்படிக் கண்டுபிடிக்கும்? பிளேடுக்கு 800 ரூபாய் கொடுத்தேன். ஆணியைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு மை கொட்டியது போலக் கருநீலக் கறை. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. இன்னொரு முறை இப்படி ஒரு மரம் கிடைத்தால் தரையிலிருந்து ஆறடி வரை உள்ள பாகத்தை மில்லுக்கே கொண்டுபோக மாட்டேன். அங்கேதான் மனிதன் ஆணி அடிப்பான். செயின் சாவிலேயே கனமாகப் பிளந்துகொள்வேன். அதற்கும் பல் உடையும், ஆனால் சங்கிலி விலை பேண்ட் சா பிளேடு அளவு வராது.

பலகையை ஒன்றே கால் அங்குலம் வேண்டும் என்று ஒன்றரை அங்குலமாக அறுக்கச் சொன்னேன். காய்ந்து சுருங்கும், கொஞ்சம் முறுக்கும், இழைத்து நேராக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். எட்டுப் பலகை தேறின. நடுப்பலகையில் மூன்று விரல் அகலத்தில் நீளமாக ஒரு பொந்து. போத்து ஊன்றி வளர்ந்த மரத்தில் இது சகஜம் என்றார் மாமா. நடு நெஞ்சு உள்ள பலகை எப்படியும் வெடிக்கும், பொந்து இல்லாவிட்டாலும். பச்சைப் பலகையின் நிறத்தை எழுதிக் காட்ட முடியவில்லை. வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை, உள்ளே ஊதா கலந்த பழுப்பு. லேசாக ரோஜா வாசனை. அந்த ஊதா இரண்டு வாரத்தில் மங்கிச் சாதாரணக் காப்பி நிறமாகிவிட்டது.

இனிக் காயவைப்பது. இதில்தான் நான் அதிகம் படித்தேன், அதிகம் சொதப்பவும் செய்தேன்.

மாமா தன் நாலு வளைவையும் பட்டையோடு கொண்டுபோய் வடகடலில், இடுப்பளவுத் தண்ணீரில், சேற்றில் அமுக்கிக் கல் வைத்தார். மூன்று வாரம். கட்டையில் இருக்கும் மாவும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து போனால் உளுக்கும் பூச்சிக்கு அங்கே தீனி இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. என் மேல்கட்டையைக் கொண்டுபோய் அவர் கட்டைக்குப் பக்கத்தில் போட்டேன். அதை நான் ஏற்கெனவே பட்டை உரித்துவிட்டேன். மூன்று வாரத்தில் மாமா தன்னுடையதை எடுத்துவிட்டார். எனக்கு அப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வயரிங் வேலை. நாற்பது நாள் கழித்துத்தான் போனேன்.

வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. ஊசியால் குத்தியது போல அங்கங்கே ஏழெட்டுப் புள்ளி. மாமா ஒரு முனையில் நாலு அங்குலம் அறுத்துக் காட்டினார். உள்ளே தீக்குச்சி நுழையும் அளவுக்கு வளைந்து வளைந்து சுரங்கம், சுவரில் முட்டை ஓடு போல வெள்ளைப் பூச்சு. கடற்புழு. குஞ்சாக இருக்கும்போது ஊசித் துளை போட்டு உள்ளே போகும். அப்புறம் உள்ளேயே வளரும், துளையை மட்டும் வெளியே பெரிதாக்காது.

"தரையில காயப்போடுறதுக்குப் பட்டையை உரி. கடல்ல போடுறதுக்குப் பட்டையை விடு. இதைக்கூடக் கேட்க மாட்டியா மாப்ள?"

கேட்டிருக்கலாம். பட்டை இருந்தால் புழு சுலபத்தில் உள்ளே போகாது. அந்தக் கட்டையிலிருந்து ஒரு முக்காலிக்கு ஆகும் அளவுதான் தேறியது. அதுவும் எப்படிப் போனது என்று பிறகு சொல்கிறேன்.

எட்டுப் பலகையும் கடலுக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் ஹாலோ பிளாக் கல் வைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, கரையான் ஏறாமல் கல்லுக்குக் கீழே கழிவு ஆயில் ஊற்றினேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் முக்கால் அங்குல ரீப்பர் துண்டு, ஒன்றரை அடிக்கு ஒன்று. ரீப்பர்கள் ஒன்றின் நேர் கீழே ஒன்று வர வேண்டும். நான் ஒரு வரிசையில் நாலு விரல் தள்ளி வைத்துவிட்டேன். அந்த இடத்தில் மேல் பலகை பாம்பு மாதிரி நெளிந்து காய்ந்தது. உச்சியில் தகர ஓடு, அதன் மேல் எட்டு ஹாலோ பிளாக் பாரம். பக்கங்கள் நாலும் திறப்பு.

அடுக்கும் முன்னே வெள்ளைப் பாகத்துக்கு மருந்து. ஐந்து லிட்டர் வெந்நீரில் 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் பவுடர் கரைத்து பிரஷ்ஷால் பூசினேன். மரம் பச்சையாக இருக்கும்போது பூசினால் ஈரத்தோடு ஈரமாக உள்ளே இறங்கும். காய்ந்த பிறகு பூசினால் மேலோடு நின்றுவிடும். மழை பட்டால் கரைந்து போகும் என்பதால் கூரைக்குக் கீழே இருப்பதற்குத்தான் இது. பூவரசில் வைரத்தைப் பூச்சி அவ்வளவாகச் சீண்டாது. வெள்ளையைத்தான் மாவாக்கும்.

டிசம்பர், ஜனவரி வாடைக்காற்றில் பிரச்சினை இல்லை. ஈரக்காற்று, மெதுவாகக் காய்ந்தது. ஏப்ரலுக்கு மேல் சோளகம் எழும்பியது பாருங்கள். தெற்கிலிருந்து பகல் முழுவதும் மணலை வாரி இறைக்கும் காற்று. பலகையின் தென்முனைகளில் பெயிண்டையும் மீறி முடி மாதிரி வெடிப்பு ஓட ஆரம்பித்தது. தென்பக்கம் மட்டும் நனைந்த சாக்கைத் தொங்கவிடலாம் என்று அம்மா சொன்னாள். நனைக்காமல் வெறும் சாக்கை இரட்டையாகக் கட்டினேன். காற்றின் வேகம் குறைந்தால் போதும். வெடிப்பு அதோடு நின்றது. கடலோரத்தில் மரம் காயாது என்பார்கள். காயாமல் என்ன, தேவைக்கு மேல் வேகமாகவே காய்ந்தது. பக்குவத்தில் நிறுத்துவதுதான் பாடு.

எவ்வளவு காய்ந்தது என்று தெரிய ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கவில்லை. தராசு போதும். அறுத்த அன்றைக்கே ஒரு பலகையின் முனையைத் தள்ளிவிட்டு உள்பக்கத்தில் ஓரடி நீளத் துண்டு ஒன்றை எடுத்தேன், எடை 2.640 கிலோ. அதை ஒட்டி ஒரு மெல்லிய சீவல், 80 கிராம். சீவலை அக்கா வீட்டு கேக் அடுப்பில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை குறைவது நிற்கும் வரை சுட்டோம். 50 கிராமில் நின்றது. போன தண்ணீர் 30, காய்ந்த கட்டை 50. ஆக ஈரம் 60 சதவீதம். அப்படியானால் ஓரடித் துண்டில் வெறும் கட்டை மட்டும் 2.640-ஐ 1.6-ஆல் வகுத்தால் 1.650 கிலோ. அந்தத் துண்டின் வெட்டுமுகங்களுக்குப் பெயிண்ட் அடித்து அடுக்கின் நடுவிலேயே செருகி, மாதம் ஒருமுறை எடை போட்டுச் சுவரில் எழுதினேன். மார்ச்சில் 2.240. மே கடைசியில் 2.010. ஜூலையில் 1.910. ஆகஸ்டில் 1.900. அதற்குப் பிறகு அசையவில்லை. அதாவது 15 சதவீதம். எங்கள் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அதற்குக் கீழே இறங்காது, நாமும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு ஒன்றரை அங்குலம் ஒன்பது மாதத்தில் நின்றது. நம் வெயிலுக்கு அந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

எட்டில் ஐந்து நல்ல பலகை. ஒன்று நெளிந்தது, ஒன்று நடுவில் பிளந்தது, ஒன்று ஆணிக்கறைப் பலகை. வாசலுக்கு ஒரு பெஞ்ச் போடுவது என்று முடிவு. உட்காரும் பாகத்துக்கு ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பலகை. கால்களுக்கு என் பங்கு வளைவு இரண்டு. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் சரிபாதியாகப் பிளந்தால் கண்ணாடியில் பார்த்தது போல இரண்டு ஜோடி. நான்கு கால்.

பூவரசை இழைப்பது எளிது என்று எங்கேயோ கேட்டிருந்தேன். பாதி உண்மை. நார் ஒரு சாணுக்கு வடக்கே ஓடும், அடுத்த சாணில் தெற்கே திரும்பும். எதிர்நாரில் இழைப்புளி பட்டால் அரிசி அரிசியாகப் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு காரியம் கைகொடுத்தது. உளித்தகட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சாணைக்கல்லில் தீட்டுவது, சீவல் வழியாகப் பேப்பர் எழுத்துத் தெரியும் அளவுக்கு மெல்லிசாக எடுப்பது. பிடிவாதமான இடத்தில் ஈரத்துணியால் லேசாக ஒற்றிவிட்டு இழைத்தேன். தூசி மூக்கை அரிக்கும், தும்மல் நிற்காது. முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள்.

காலையும் பலகையையும் இணைக்கக் கழுந்தும் துளையும்தான். கால் முனையில் சீவிய நாக்குதான் கழுந்து, அது பலகைத் துளைக்குள் நுழையும். திருகாணி யோசனையை அந்த முக்காலி கெடுத்தது. கடலில் ஊறிய கட்டையில் ஏப்ரலில் ஒரு முக்காலி செய்து, அவசரத்துக்குச் சாதா இரும்புத் திருகாணி போட்டிருந்தேன். நான் எதிர்பாராதது கட்டைக்குள் தங்கிய உப்பு. காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் உப்பு அதை இழுத்துக்கொள்கிறது. காலையில் உட்கார்ந்தால் லுங்கி பிசுபிசுக்கும். இரண்டு மாதத்தில் திருகாணித் தலையெல்லாம் துருவேறிக் கறுப்பு வளையம் கட்டியது. படகுக்குச் சரி, அது எப்படியும் தண்ணீரில்தான் கிடக்கிறது. வீட்டுச் சாமானுக்குக் கடலில் ஊறவைக்கவே கூடாது. முக்காலி இப்போது கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

பெஞ்சில் இரும்பே இல்லை. பூட்டு ஆணிகள் சீமைக்கருவேலத்தில் செதுக்கினேன். ராமநாதபுரம் மாவட்டம் முழுக்க அதை விறகாகவும் கரியாகவும்தான் பார்க்கிறோம். காய்ந்த கட்டை இரும்பு மாதிரி, அதோடு ஈரத்துக்கு அவ்வளவாக உப்பாது, சுருங்காது. பென்சில் பருமனில் எட்டுக்கோணமாகச் சீவி, வட்டத் துளையில் அடித்தால் மூலைகள் கடித்துக்கொண்டு நிற்கும். கழுந்தில் உள்ள துளையைத் தோள் பக்கமாக ஒரு காகிதக் கனம் தள்ளிப் போட்டேன். ஆணி இறங்க இறங்கக் கால் மேலே இழுத்துக்கொண்டு இறுகும். கொட்டாப்புளியால் கடைசி அடி விழும்போது சத்தம் மாறும், டொக் என்பது டங் ஆகும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு ஆணியில் அதற்கு மேல் ஒரு அடி போட்டேன், கழுந்து ஓரம் கீறிவிட்டது. ஃபெவிகால் விட்டுக் கட்டிவைத்தேன், நிற்கிறது.

இரண்டு பலகைக்கும் நடுவில் இரண்டு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்) இடைவெளி விட்டேன். ஒவ்வொரு பலகையும் வெளி ஓரத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது, உள் ஓரம் சும்மா கிடக்கிறது. மழைக்கு உப்பினால் உள்ளே நகர இடம் வேண்டும் அல்லவா?

பூச்சுக்கு மாமா சொன்னது மீன் எண்ணெயும் குங்கிலியமும். படகுக்கு அதுதான். அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே விளக்குமாற்றைத் தேடினாள். லின்சீட் ஆயிலில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, நாளுக்கு ஒரு கை வீதம் நாலு கை துணியால் தேய்த்தேன். மங்கிப்போன காப்பி நிறம் முதல் துடைப்பிலேயே எழுந்து வந்தது. அந்த ஊதா மட்டும் திரும்பவில்லை. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். நான் கொடிக்கயிற்றில் விரித்துப் போட்டுக் காய்ந்த பிறகு எறிந்தேன்.

செப்டம்பர் கடைசியில் பெஞ்ச் வாசலுக்கு வந்தது. ஆணிக்கறைப் பலகையைத்தான் ஒன்றாகப் போட்டிருக்கிறேன். மறைக்க நினைத்தேன், அப்புறம் கறை மேலே தெரியும்படியே வைத்துவிட்டேன். 800 ரூபாய் ஆயிற்றே.

மாமா வந்தார். உட்காரவில்லை. பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, காலின் வளைவில் நார் எங்கே ஓடுகிறது என்று பெருவிரலால் தடவிக்கொண்டே போனார். கீறிய கழுந்தில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. அவர் எடுத்த நாலு வங்கில் மூன்று ஒரு வத்தைக்குள் ஏறிவிட்டன. நாலாவது அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இன்னும் அச்சுக்குப் பொருந்தும் படகுக்காகக் காத்துக் கிடக்கிறது. போகும்போது, நெளிந்த பலகையை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்படியே வைத்திரு, அந்த நெளிவுக்கும் ஒருத்தன் அச்சோட வருவான் என்றார்.

இது அக்டோபர் மூன்றாம் வாரம். நாலு நாளாக மழை. இன்று காலை பெஞ்சின் நடு இடைவெளியை அளந்தேன், அரை நூல் குறைந்திருக்கிறது. மீதி ஒன்றரை நூல். மார்கழி வரைக்கும் வாராவாரம் அளந்து சுவரில் எழுத வேண்டும்.